கணையாகும் கோல்

நுழையும்முன்

வில்லின் பெருமை பேசும் பாடல்கள் தமிழில் மிகுதி. வில்லாளனின் கைத்திறன் பேசும் பாடல்கள் அதனினும் மிகுதி. ஆனால், இலக்கைச் சென்று தைப்பது வில்லும் அன்று, வில்லாளனும் அல்லன். ஏறத்தாழ ஒன்றரை முழத்திற்கும் சற்று மிகுந்த ஒரு மெல்லிய கோல். காட்டில் நிற்கும் எண்ணற்ற கழிகளுள் எது கணையாகும், எது விறகாகும் என்று பிரித்தறியும் கலையை விளக்குகிறது இக்கட்டுரை.

ஆற்றின் மேற்பக்கம்

கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குப் பகுதியில், குழித்துறை நகரை ஒட்டி ஓடுகிறது குழித்துறைத் தாமிரபரணி. நெல்லைச் சீமையின் தாமிரபரணி வேறு, இது வேறு. கோதையாறும் பறளியாறும் திருவட்டாற்றுக்கு அருகே மூவாற்றுமுகத்தில் கூடி, குழித்துறையைக் கடந்து, தேங்காய்ப்பட்டினத்தில் கடலோடு கலக்கின்றன. ஆடி அமாவாசையன்று முன்னோர்க்கு நீர்க்கடன் செலுத்துவோர் குழித்துறை ஆற்றங்கரையில் திரள்வர். அதனையொட்டி நடைபெறும் வாவுபலிப் பொருட்காட்சியில் மரக்கன்றுகளும் செடிகொடிகளும் குவிந்திருக்கும். சமவெளியினர் மலையின் விளைபொருளைப் பார்ப்பது பெரும்பாலும் இப்படிச் சந்தைக்கு வந்த பின்னர்தான்.

அந்த ஆற்றின் வழியே எதிர்நோக்கிச் சென்றால், 1906ஆம் ஆண்டு கட்டி முடிக்கப்பட்ட பேச்சிப்பாறை அணையும் அதனைச் சூழ்ந்த மேற்குத்தொடர்ச்சி மலைக்காடுகளும் வரும். அங்கே ஓடைக்கரைகளில் அடர்ந்து வளர்வது, இம்மாவட்டத்தின் மேற்குப் பகுதியிலும் கேரளத்திலும் 'ஈற்ற' என்று அழைக்கப்படும் நாணல்மூங்கில். புல்லினத்தைச் சேர்ந்த இது மூங்கிலின் நெருங்கிய உறவு. ஆனால் சுவர் மெல்லியது, கணுவிடை நீளமானது. கூடையும் பாயும் முறமும் ஆவது இதுவே. காடு சார்ந்து வாழும் காணி மக்கள் குடிசைக்குச் சுவராகவும் கூரையாகவும் இதன் கழியையும் இலையையும் பயன்படுத்தினர்.

காணி மக்களின் பழைய வாழ்க்கையில் வில்லும் அம்பும் அன்றாடக் கருவிகள். காட்டை எரித்துப் பயிரிட்டு, சில ஆண்டுகளில் இடம் பெயர்ந்து, தேனும் கிழங்கும் திரட்டி வாழ்ந்தவர்களுக்குப் பயிரைக் காக்கவும் இறைச்சி தேடவும் அவை தேவைப்பட்டன. போர்க்கருவியாக வில் நெடுங்காலம் நிலைத்ததும் மலைமக்களிடமே. 1802ஆம் ஆண்டு அக்டோபரில் வயநாட்டின் பனமரம் கோட்டையில் இருந்த ஆங்கிலேயப் படையை எடச்சேன குங்கன், தலைக்கல் சந்து ஆகியோர் தலைமையில் தாக்கி வென்றவர்கள் குறிச்சியர் இன வில்லாளிகள். எதிரியிடம் துப்பாக்கி இருந்த காலம் அது என்பதை நினைவிற் கொள்ளவேண்டும்.

இன்று காணிக் குடியிருப்புகளில் வேட்டைக்கென அம்பு செய்வோர் இல்லை, இருக்கவும் இயலாது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடை செய்கிறது. 'ஆயுதம்' என்னும் சொல்லுக்கு அச்சட்டம் தரும் விளக்கத்திலேயே வில்லும் அம்பும் பெயர் சுட்டி இடம்பெற்றுள்ளன. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டமோ மூங்கிலைச் சிறுவனப் பொருளாகக் கொண்டு, அதனைத் திரட்டும் உரிமையை வனவாழ் மக்களுக்கு வழங்குகிறது. அவர்களது மரபறிவின்மீதும் அவர்களுக்கு உரிமை உண்டு என்கிறது. ஏனைய மரபுரிமைகளையும் ஏற்று, வேட்டையை மட்டும் விலக்குகிறது. கோலும் கோலைப் பற்றிய அறிவும் அம்மக்களுக்கு உரியவை. அந்த அறிவு பிறந்ததற்குக் காரணமான தொழில் மட்டும் இல்லை. தொழில் நின்றபின் அறிவு எத்தனை தலைமுறைக்கு நிற்கும் என்னும் கேள்வி இங்கே எழுகிறது. அறிவு என்று சொல்லுமளவுக்கு அதில் என்ன இருக்கிறது என்று அறிந்தால்தான் அக்கேள்வியின் எடை விளங்கும்.

சொல்லுக்குள் இருக்கும் புல்

அம்பைக் குறிக்கத் தமிழில் வழங்கும் சொற்களைக் கூர்ந்து நோக்கினால், அவற்றுட் பல அம்பின் கூர்முனையைக் குறிக்கவில்லை. அதன் தண்டையே குறிக்கின்றன. 'கோல்' என்பது கழியைக் குறிக்கும் பொதுச்சொல். அதுவே அம்புக்கும் பெயர். 'கணை' என்பது திரண்டு நீண்ட வடிவத்தைக் குறிப்பது. முழங்காலுக்குக் கீழே நேராக இறங்கும் பகுதியைக் 'கணைக்கால்' என்பது அதனால்தான். வடமொழியிலிருந்து வந்த 'சரம்' இன்னும் தெளிவானது. அச்சொல்லுக்கு நாணற்புல் என்றும் பொருள். அம்பு என்றும் பொருள். சரவணப் பொய்கை என்பது நாணற்காடு சூழ்ந்த பொய்கை. ஒரு புல்லின் பெயரே ஒரு படைக்கருவியின் பெயராக நிலைத்துவிட்டது என்றால், அந்தப் புல்லிலிருந்து அம்பு செய்யும் வழக்கம் எத்துணைத் தொன்மையானது என்பதை ஊகிக்கலாம்.

திருக்குறளில் 'கூடா ஒழுக்கம்' என்னும் அதிகாரத்தில் வடிவால் நேரான கணையும் வளைந்த யாழும் ஒப்பிடப்படுகின்றன. கணை என்றாலே நேர்மையான வடிவம் என்பது கேட்போர் அனைவருக்கும் தெரிந்திருந்தமையால் அவ்வுவமை பொருந்தியது. ஆயினும் காட்டில் முழுதும் நேரான கழி என்று ஒன்று இல்லை. நேர்மை என்பது அம்பு செய்பவர் கழிக்குத் தருவது.

தெரிந்து தெளிவோம்

அம்பு: கணை, கோல், வாளி, பகழி, சரம், பாணம்.
அம்பு இடும் கூடு: தூணி, ஆவநாழி, அம்பறாத்தூணி, புட்டில்.
வில்: சிலை, சாபம், தனு, கொடுமரம்.
நாணைப் பொருத்தும் வெட்டு: குதை.

நேராகச் செல்ல வளையவேண்டும்

அம்புக்கோல் எவ்வளவு விறைப்பாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது என்றே முதலில் எவருக்கும் தோன்றும். உண்மை அதுவன்று.

மரபு வில்லில் அம்பு பிடியின் நடுவே செல்வதில்லை. பிடியின் பக்கவாட்டில் படிந்து கிடக்கிறது. நாணோ வில்லின் நடுக்கோட்டை நோக்கி விரைகிறது. நாணை முழுதும் இழுத்த நிலையில் இலக்கை நோக்கி இருக்கும் அம்பு, நாண் முன்னோக்கி வரவரப் பிடியால் ஒதுக்கப்பட்டுப் பக்கவாட்டில் திரும்பவேண்டும். அப்படித் திரும்பினால் இலக்கைத் தவறவிட வேண்டும். ஆனால், நல்ல அம்பு தவறவிடுவதில்லை. ஏன் என்பது நெடுங்காலம் புதிராகவே இருந்தது. 'வில்லாளனின் முரண்' என்று அதற்குப் பெயரும் இட்டனர். 1930களில் அமெரிக்க இயற்பியலறிஞர் கிளாரன்ஸ் ஹிக்மன் அதிவேக ஒளிப்படக் கருவியால் அம்பு புறப்படும் கணத்தைப் படமெடுத்தபோது புதிர் அவிழ்ந்தது.

நாண் விடுபட்டவுடன் பின்னாலிருந்து வரும் தள்ளுவிசையால் அம்பு வளைகிறது. முதலில் அதன் நடுப்பகுதி பிடியை நோக்கி வளைகிறது. அடுத்து எதிர்ப்புறம் வளைகிறது. அந்த இரண்டாம் வளைவின் உட்புறத்தில் பிடி அடங்கிவிட, அம்பின் வாலிலுள்ள இறகு பிடியைத் தொடாமலே கடந்து செல்கிறது. ஆற்றில் பாறையைச் சுற்றி நெளியும் மீன்போல அம்பு வில்லைச் சுற்றி நெளிந்து செல்கிறது. பின்னர் அந்த அசைவு படிப்படியாக அடங்கி, அம்பு நேராகப் பறக்கிறது. இவையெல்லாம் கண்ணிமைக்கும் நேரத்தினும் குறைந்த காலத்தில் நிகழ்ந்து முடிகின்றன.

எனவே, கோல் வளையவும் வேண்டும். தன் வில்லுக்குரிய அளவில் வளையவும் வேண்டும். விறைப்பு மிகுந்த கோல் பிடியில் மோதி விலகும். வலக்கையால் நாணை இழுப்பவருக்கு அது இலக்கின் இடப்புறம் செல்லும். விறைப்புக் குறைந்த கோல் அளவுக்கு மீறி வளைந்து வலப்புறம் செல்லும். மிகவும் தளர்ந்த கோல், வலிய வில்லில் பூட்டப்பட்டால், புறப்படும்போதே முறியும். ஒருவரின் வில்லுக்குத் தக்க அம்பு மற்றொருவரின் வில்லுக்குத் தகாது. அம்பு செய்பவர் முதலில் வில்லைக் கேட்பது இதனால்தான்.

இவ்விறைப்பை இக்காலத்தார் எண்ணால் அளக்கின்றனர். மரக்கோலை 26 அங்குல இடைவெளியில் இரு தாங்கிகளின்மேல் கிடத்தி, நடுவில் 2 பவுண்டு எடையைத் தொங்கவிடுவர். கோல் எத்தனை அங்குலம் தாழ்கிறதோ அந்த எண்ணால் 26ஐ வகுத்தால், அக்கோல் எத்தனை பவுண்டு இழுவிசை கொண்ட வில்லுக்கு ஏற்றது என்பது தோராயமாகக் கிடைக்கும். அரை அங்குலம் தாழ்ந்தால் 52 பவுண்டு, 0.65 அங்குலம் தாழ்ந்தால் 40 பவுண்டு. காட்டில் இருந்தவரிடம் இக்கருவி இல்லை. கோலின் இரு நுனிகளையும் இரு கைகளில் பற்றி, கட்டைவிரலால் நடுவை அழுத்தி, அது எவ்வளவு இணங்குகிறது, எவ்வளவு விரைவாக மீள்கிறது என்று பார்ப்பது அவரது அளவை. இரண்டும் அளப்பது ஒன்றையே.

கோலின் தடிமனில் சிறிய மாற்றம் நேர்ந்தாலும் விறைப்பு பெரிதும் மாறும் என்பதை இங்கே கருதவேண்டும். உள்ளீடுள்ள கோலின் விறைப்பு அதன் விட்டத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது. 8 மில்லிமீட்டர் விட்டமுள்ள கோலைவிட, அதே மரத்தாலான 9 மில்லிமீட்டர் கோல் 1.6 மடங்கு விறைப்பானது. ஒரு மில்லிமீட்டர்தான் வேறுபாடு. ஆயினும் இரண்டும் ஒரே தூணியில் இருக்கத் தகாதவை. நீளம் கூடினால் விறைப்பு குறையும். தாழ்வு நீளத்தின் மூன்றாம் அடுக்குக்கு ஏற்பக் கூடுவதால், பத்தில் ஒரு பங்கு நீண்ட கோல் மூன்றில் ஒரு பங்கு மிகுதியாகத் தாழ்கிறது. ஆகவே, சற்றுத் தளர்ந்த கோலை நறுக்கிக் குறுக்கினால் அது சீர்படும். சற்று விறைத்த கோலைச் சீவி மெலிதாக்கினால் அதுவும் சீர்படும். நறுக்கியதை நீட்ட இயலாது, சீவியதை ஒட்ட இயலாது என்பதால் இரண்டையும் சிறிது சிறிதாகவே செய்வர்.

புழையுள்ள கோலின் சிறப்பு

நாணலும் நாணல்மூங்கிலும் உள்ளே புழை உடையவை. குறைபாடுபோலத் தோன்றும் இதுவே அவற்றின் வலிமை. ஒரு கோல் வளையும்போது அதன் ஒரு புறத்தோல் நீள்கிறது. மறு புறத்தோல் சுருங்குகிறது. நடுப்பகுதிக்கு வேலை மிகக் குறைவு. 10 மில்லிமீட்டர் வெளிவிட்டமுள்ள கோலில் 6 மில்லிமீட்டர் விட்டத்துக்குப் புழை இருந்தால், எடையில் 36 விழுக்காடு குறைகிறது. விறைப்பிலோ 13 விழுக்காடே குறைகிறது. இயற்கை இதனை மேலும் செம்மையாக்கியிருக்கிறது. மூங்கிலினத்தின் வலிய நார்கள் வெளித்தோலை ஒட்டியே நெருங்கி அமைந்துள்ளன. அம்பு செய்வோர் கணுவின் மேட்டை மட்டும் மெல்லச் சீவி, பளபளப்பான மேல்தோலில் கத்தி படாமல் காப்பது அந்நார்களை இழக்காமல் இருக்கத்தான்.

புழையுள்ள கோலுக்கு ஒரு தொல்லையும் உண்டு. இலக்கில் மோதும் முனைப்புறத்தில் அது எளிதில் பிளந்துவிடும். இதற்கு உலகின் பல பகுதிகளில் ஒரே தீர்வைக் கண்டிருக்கின்றனர்: கடினமான மரத்தாலான சிறு துண்டு ஒன்றைப் புழைக்குள் செருகி, நாரால் இறுகச் சுற்றி, அதன் நுனியில் கூரைப் பொருத்துவது. 1922இல் திறக்கப்பட்ட எகிப்திய மன்னர் துட்டன்காமனின் கல்லறையில் இத்தகைய நாணல் அம்புகள் கிடைத்தன. அவை மூவாயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்டவை.

தேர்வும் பதமும்

கழியைத் தேர்வதில் முதலில் பார்ப்பது வயது. இளங்கழி பச்சைப் பசேலென அழகாக நிற்கும், நேராகவும் இருக்கும். அழகில் மயங்கி அதை வெட்டினால், உலரும்போது சுருங்கிச் சுருண்டுவிடும். முதிர்ந்த கழியின் பசுமை மங்கி இருக்கும். கணுவைச் சுற்றிய உறை உதிர்ந்திருக்கும். தோலில் பாசியின் திட்டுகள் படிந்திருக்கும். விரலால் சுண்டினால் மந்தமாக ஒலிக்காமல் தெளிவாக ஒலிக்கும். சப்பானியர் அம்புக்கென்றே பயன்படுத்தும் மூங்கிலை 'யாதாகே' என்பர். 'அம்பு மூங்கில்' என்பது அதன் பொருள். அதனை மூன்றாம் ஆண்டில், குளிர்காலத்தில் வெட்டுவது அங்கு மரபு. மண்ணும் வானமும் வேறாயினும் வயது பற்றிய கணிப்பு ஒத்திருக்கிறது.

அடுத்தது பருவம். புதுக்குருத்து எழும் மழைக்காலத்தில் கழியினுள் ஈரமும் மாவுச்சத்தும் மிகுதியாக இருக்கும். அப்போது வெட்டிய கழியை வண்டு துளைத்து உளுத்துப்போகச் செய்யும். குமரி மாவட்டம் தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் பெறும் நிலம். இரு மழையும் ஓய்ந்த தை, மாசி மாதங்களே இங்குக் கழி வெட்டுவதற்கு இசைந்த காலம். தேய்பிறையில்தான் வெட்டவேண்டும் என்னும் நம்பிக்கையும் மூங்கில் தொழிலில் பரவலாக உண்டு. வெட்டிய கழியை ஓடும் நீரில் சில நாள் ஊறப்போடுவது மற்றொரு வழக்கம். நீர் மாவுச்சத்தைக் கரைத்து வெளியேற்றுவதால் வண்டுக்கு உணவு இல்லாமல் போகிறது.

மூன்றாவது இடம். தனித்து நின்று வெயிலை முழுதும் பெறும் தூறிலிருக்கும் கழிகள் பக்கவாட்டில் சாயும். அடர்ந்த தூறின் நடுவே ஒளியைத் தேடி ஒன்றையொன்று முந்தி எழும் கழிகளே நேராக வளரும். விளிம்பில் கைக்கெட்டும் கழியை விட்டு, தூறுக்குள் புகுந்து தேடவேண்டியிருப்பதன் காரணம் இது.

வெட்டியவற்றை நிழலில் உலர்த்துவர். வெயிலில் போட்டால் வெளிப்புறம் விரைந்து சுருங்கி வெடிக்கும். ஒரே தடிமனுள்ள கழிகளைக் கற்றையாக இறுக்கிக் கட்டி வைத்தால், ஒன்றையொன்று நேராகப் பிடித்துக்கொண்டு உலரும். வாரங்கள் செல்லும், சிலர் மாதக்கணக்கில் விட்டுவைப்பர். விரைவுக்கு இங்கே இடமில்லை. பச்சைக் கழியை நெருப்பில் வாட்டி நேராக்கினால் அது மறுநாளே பழைய வளைவுக்குத் திரும்பிவிடும்.

உலர்ந்த கழியை நேராக்குவது இக்கலையின் நுட்பமான பகுதி. கணுவிடையில் நார்கள் நேராக ஓடுகின்றன; கணுவில் அவை பின்னிக் குறுக்கிடுகின்றன. எனவே, கழியின் கோணல் பெரும்பாலும் கணுவில்தான் இருக்கும். கழியின் ஒரு நுனியைக் கண்ணருகே வைத்து, மறு நுனிவரை ஒரே கோட்டில் நோக்கினால் எந்தக் கணுவில் வளைவு என்பது தெரியும். அந்தக் கணுவை மட்டும் தணலின்மேல் சுழற்றிச் சுழற்றி வாட்டுவர். தீச்சுடர் கூடாது, தணலே வேண்டும். சூடேறும்போது நார்களைப் பிணைத்திருக்கும் பொருள் இளகுகிறது. அந்நிலையில் வளைவுக்கு எதிராகச் சற்று மிகையாகவே வளைத்து, ஆறும்வரை அசையாமல் பிடித்திருக்க வேண்டும். குறைந்த சூட்டில் வளைத்தால் முறியும். மிகுந்த சூட்டில் கருகி வலுவிழக்கும். எந்தக் கணத்தில் நிறுத்துவது என்பதை எந்த நூலாலும் சொல்லிவிட முடியாது. தோலின் நிறம் மாறுவதையும் கைக்குள் கழி இணங்குவதையும் கண்டே உணரவேண்டும். மழைக்காலம் வந்து போனால் கழி மீண்டும் சற்றுக் கோணும், மீண்டும் வாட்டவேண்டும். அம்பு ஒரு முறை செய்து முடிக்கப்படுவதன்று.

கழியின் எந்த முனை முன்னால் வரவேண்டும் என்பதும் ஒரு கேள்வி. பெரும்பாலான நாணல் அம்புகளில், தடித்த அடிப்புறம் கூர்முனைக்கும் மெலிந்த நுனிப்புறம் நாணுக்கும் அமைகின்றன. எடை முன்புறம் இருந்தால் அம்பு தள்ளாடாமல் பறக்கும். 75 சென்டிமீட்டர் நீளமுள்ள அம்பின் நடுப்புள்ளி 37.5 சென்டிமீட்டரில் இருக்கிறது. அதனை விரல்மேல் கிடத்தினால் சமநிலை கொள்ளும் இடம் அதற்கு ஐந்தாறு சென்டிமீட்டராவது முன்னே இருப்பது நல்லது. நாணைப் பொருத்தும் குதையை ஒரு கணுவை ஒட்டி அமைப்பர். கணு இயற்கையான பூண்போல நின்று, நாணின் அடியால் கோல் பிளவாமல் காக்கும்.

ஓர் அம்பு அம்பன்று

ஒரே ஒரு சிறந்த அம்பை வைத்துக்கொண்டு வில்லாளன் எதையும் கற்க இயலாது. முதல் அம்பு சென்ற இடத்தைக் கண்டு இரண்டாம் அம்பைத் திருத்தி விடவேண்டுமெனில், இரண்டும் ஒரே தன்மையாக இருக்கவேண்டும். எடையில், விறைப்பில், சமநிலைப் புள்ளியில் ஒத்த கோல்களைக் கூட்டிச் சேர்ப்பதே தேர்வின் இறுதிப் படி. 40 பவுண்டு இழுவிசையுள்ள வில்லுக்கு ஏறத்தாழ 26 கிராம் எடையுள்ள அம்பு என்பது மரபு வில்லாளிகள் கொள்ளும் கணக்கு. ஒரு தொகுதிக்குள் அரைக் கிராம் ஏற்றத்தாழ்வையே அவர்கள் பெரிதாகக் கருதுவர். கட்டுக்கட்டாக வெட்டிய கழிகளிலிருந்து ஒத்த ஆறு கோல்கள் கிடைத்தால் அதுவே நிறைவு. எஞ்சியவை வீணல்ல; வேறொரு வில்லுக்கு அவை பொருந்தக்கூடும்.

புறநானூற்றின் 152ஆம் பாடலில் வன்பரணர், வல்வில் ஓரியின் ஒரே அம்பு யானை, புலி, மான், பன்றி, உடும்பு என ஒன்றன்பின் ஒன்றாகத் துளைத்துச் சென்றதாகப் பாடுகிறார். புலவரின் உயர்வு நவிற்சியை அப்படியே அளந்து பார்க்கத் தேவையில்லை. ஆனால், அம்பு செய்பவர் ஒருவர் அப்பாடலைக் கேட்டிருந்தால், ஓரியின் தோள்வலிமையோடு அந்தக் கோலையும் வியந்திருப்பார்.

மரத்தைப் பிளந்து செய்வது

நாணல் வளராத நிலங்களில் அம்பு மரத்தால் ஆயிற்று. 1991ஆம் ஆண்டு ஆல்ப்சு மலையின் பனிப்பாறையில் கண்டெடுக்கப்பட்ட, ஐயாயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட மனிதனின் தூணியில் 14 அம்புகள் இருந்தன. அவற்றுள் இரண்டே முழுமை பெற்றவை. ஏனைய பன்னிரண்டும் பாதியில் நின்ற கோல்கள். அவை பெருமரத்தைப் பிளந்து எடுத்தவை அல்ல. புதர்ச்செடியின் நேரான இளங்கிளைகள். 1545இல் மூழ்கி 1982இல் வெளிக்கொணரப்பட்ட 'மேரி ரோசு' என்னும் ஆங்கிலப் போர்க்கப்பலிலோ ஏறத்தாழ 3500 அம்புகள் கிடைத்தன. அவற்றுட் பெரும்பாலானவை பாப்லார் மரத்தைப் பிளந்து, உருட்டிச் செய்தவை. ஒருவன் தன் தேவைக்குச் செய்யும்போது கிளை போதும். படைக்குச் செய்யும்போது மரத்தடி வேண்டும்.

மரத்தடியிலிருந்து செய்யும் கோலில் உற்றுநோக்கவேண்டியது நார் ஓடும் திசை. நார் ஒரு முனையில் தொடங்கி மறு முனைவரை கோலோடு ஒட்டியே ஓடவேண்டும். இடையில் கோலின் பக்கவாட்டில் நார் வெளியேறிவிட்டால், அந்த இடத்தில் கோல் சாய்வாகப் பிளக்கும். மரத்தை இரம்பத்தால் அறுத்தால் நாரின் போக்கு பொருட்படுத்தப்படாமல் துண்டாகும். உளியும் கோடரியும் கொண்டு பிளந்தால் மரம் தன் நாரின் வழியே பிளவுபடும். பழைய தச்சர்கள் அம்புக்கும் ஏர்க்காலுக்கும் பிளந்த மரத்தை விரும்பியதில் பொருள் இருக்கிறது.

ஆண்டுவளையங்கள் தெளிவாகத் தெரியும் மரமாயின், குதையை அவ்வளையங்களுக்குக் குறுக்காக வெட்டவேண்டும். வளையங்களின் போக்கிலேயே வெட்டினால், நாண் ஆப்புபோல் புகுந்து கோலை இரண்டாகப் பிளந்துவிடும். சிறிதளவு நார் வெளியேறும் கோலைப் பயன்படுத்தியே ஆகவேண்டுமென்றால், கோலின் மேற்புறத்தில் அந்நார்க்கோடுகளின் கூர்நுனி இலக்கை நோக்கி இருக்குமாறு பொருத்துவர். ஒருவேளை கோல் முறிந்தாலும் உடைந்த கூர்ப்பகுதி வில்லைப் பிடித்திருக்கும் கையில் பாயாமல் மேல்நோக்கி விலகிச் செல்லும் என்பதே இதன் நோக்கம். அம்பின் தேர்வு குறி தவறாமைக்காக மட்டும் அன்று, எய்பவரின் கைக்காகவும்தான்.

நம் நிலத்தின் பனையும் கமுகும் இவ்வகையில் தனித்தன்மையானவை. அவற்றுக்கு ஆண்டுவளையம் இல்லை. வலிய கருநார்கள் தண்டின் வெளிப்புறத்தில் செறிந்திருக்கும். நடுப்பகுதி சோற்றியாக மென்மையாக இருக்கும். நாஞ்சில் நாட்டு வில்லுப்பாட்டுக் கலைஞர்களின் பெருவில் வைரம் பாய்ந்த பனையில் செய்யப்பட்டது அவ்வன்மையால்தான். சுடலைமாடன் கதையும் முத்துப்பட்டன் கதையும் பாடும் அந்த வில்லில் அம்பு பூட்டுவதில்லை. வீசுகோல் கொண்டு நாணைத் தட்டுகின்றனர். குமரி மாவட்டத்தில் இன்றும் பலர் கண்ணால் காணும் வில் அதுவே.

எய்வதற்கு முன்

1940களில் அமெரிக்காவில் அலுமினியக் குழாய்கள் அம்புக்கோலாகப் பரவத் தொடங்கின. பின்னர்க் கரியிழைக் கோல்கள் வந்தன. ஒரே ஆலையில் வார்த்த நூறு கோல்களும் ஒரே விறைப்பும் எடையும் கொண்டிருப்பதால், 1972இல் ஒலிம்பிக்கிற்குத் திரும்பிய வில்வித்தையில் மரம் இடம்பெற வாய்ப்பின்றிப் போயிற்று. இராசத்தானின் பழங்குடிச் சிற்றூரில் மூங்கில் வில்லோடு வளர்ந்து, 1988, 1992, 1996 ஆகிய மூன்று ஒலிம்பிக் போட்டிகளிலும் இந்தியாவுக்காக ஆடிய லிம்பா ராம், அப்போட்டிகளில் கையாண்டது அயல்நாட்டு வில்லையும் உலோக, கரியிழை அம்புகளையும்தான். மூங்கிலில் பழகிய கண்ணும் கையும் மட்டும் அவரோடு சென்றன.

மரக்கோல் முற்றிலும் மறையவில்லை. பூட்டானின் தேசிய விளையாட்டான வில்வித்தையில் ஏறத்தாழ 140 மீட்டர் தொலைவிலுள்ள சிறு பலகையை நோக்கி மூங்கில் அம்புகளை எய்யும் மரபு தொடர்கிறது. மேகாலயாவின் காசி மக்களும் தம் வில்விளையாட்டை விடவில்லை. விலங்குருவங்களை இலக்காக வைத்து நடத்தும் பன்னாட்டுப் போட்டிகளின் நீள்வில் பிரிவில் அம்பு மரத்தால்தான் ஆகியிருக்க வேண்டும் என்பது விதி. கொல்லிமலையில் ஆண்டுதோறும் ஆடி மாதத்தில் தமிழ்நாடு அரசு வல்வில் ஓரிக்கு விழா எடுக்கிறது. உயிர்க்கொலை இல்லாமல் இக்கலை தொடர்வதற்கு வழி இருக்கிறது என்பதை இவை காட்டுகின்றன. குமரி மலைகளில் ஈற்ற இன்றும் வளர்கிறது. அதனைத் தேர்ந்து வாட்டத் தெரிந்த முதியோரின் கைகளே குறைந்து வருகின்றன.

மரக்கோலைக் கையாள்வோர் ஒவ்வொரு முறை எய்வதற்கு முன்பும் ஒரு சிறு செயலைச் செய்வர். அம்பின் இரு முனைகளையும் பற்றி, சற்றே வளைத்து, சுழற்றியபடி காதருகே கொண்டுசென்று கேட்பர். நார் முறிந்திருந்தால் மெல்லிய வெடிப்பொலி எழும். முந்தைய எய்தலில் கல்லில் மோதியபோது கண்ணுக்குத் தெரியாமல் விழுந்த கீறலாக அது இருக்கலாம். அவ்வொலி கேட்ட அம்பு, தோற்றத்தில் எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும், மீண்டும் நாணில் ஏறுவதில்லை. அங்கேயே இரண்டாக ஒடித்துப் போடப்படும், வேறொருவர் அறியாமல் எடுத்துப் பூட்டிவிடக் கூடாது என்பதற்காக.